இவருக்குப் பதில் இவர்

நெடுந்தொடர் பார்க்கும் வீடுகளில் இந்த வரியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். புது முகம் ஒன்று வாசற்படி ஏறி வரும். படம் அப்படியே உறையும். கீழே எழுத்து வரும்: 'இனி இவருக்குப் பதில் இவர்'. நாலைந்து விநாடிதான். அடுத்த ஷாட்டிலேயே வீட்டிலுள்ள அத்தனை பேரும் அந்தப் புதியவரை அப்பா என்றும் மாமா என்றும் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு வாரம் போனால் பார்க்கிறவர்களும் பழகிவிடுவார்கள்.

தொலைக்காட்சியில் குணச்சித்திர நடிகராக இருப்பது இந்த வரியை வைத்துக்கொண்டே வேலை செய்வது. அப்பா, மாமனார், மூத்த அண்ணன், அத்தை, வக்கீல், வட்டிக்காரர், இன்ஸ்பெக்டர் எல்லாமே தொடருக்குச் சொந்தமான வேடங்கள். நடிப்பவருக்குச் சொந்தம் அவர் பேசுகிற விதமும் நிற்கிற விதமும்தான். அந்த விதம் ஆழமாகப் பதிந்துவிட்டால் அந்த எழுத்தைப் போட்டாலும் ஜனங்கள் ஏற்க மாட்டார்கள். 2023 செப்டம்பரில் அதைக் கண்ணால் பார்த்தோம். 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரன், அதாவது ஜி. மாரிமுத்து, இறந்துபோனார்.

தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி அவருக்கு ஊர். 1990-இல் இயக்குநராக வேண்டும் என்று சென்னைக்கு வந்தவர். ஓட்டலில் வேலை பார்த்தார். கவிஞர் வைரமுத்துவின் பழக்கம் கிடைத்தது. ராஜ்கிரணிடம் 'அரண்மனைக் கிளி' (1993), 'எல்லாமே என் ராசாதான்' (1995) படங்களில் உதவி இயக்குநர். அதன் பிறகு மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே. சூர்யா என்று பலரிடம் வேலை. சொந்தமாக இயக்கிய முதல் படம் 'கண்ணும் கண்ணும்' வந்தது 2008-இல். இரண்டாவது 'புலிவால்' 2014-இல். இடையில் 2011-இல் மிஷ்கின் 'யுத்தம் செய்' படத்தில் போலீஸ் அதிகாரி வேடம் கொடுத்தார். அங்கிருந்துதான் நடிகர் மாரிமுத்து ஆரம்பம். 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் நாயகியின் அப்பா அவர்தான். அடிபட்டுக் கிடக்கும் பையனிடம், என் பெண்ணை விட்டுவிடு என்று உடைந்துபோய்க் கெஞ்சுகிற அந்தத் தகப்பனையும், 2022 பிப்ரவரி 7 முதல் சன் டிவியில் 'ஏய் இந்தாம்மா' என்று வீட்டுப் பெண்களை அதட்டிய குணசேகரனையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்த மனிதரின் வீச்சு புரியும். ஊருக்கே அவர் தெரிந்த முகமானது சென்னைக்கு வந்து 32 வருடம் கழித்து.

இந்த 32 வருடத்தில் பெரும்பகுதி கேமராவுக்குப் பின்னால் போனது வீண் என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நெடுந்தொடரில் நடிக்க வருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில் பாதி, ஒரு நல்ல உதவி இயக்குநருக்கு ஏற்கெனவே தெரிந்தது. ஏன் என்று சொல்ல, ஒரு நாள் படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் கணக்கு. அரை மணி ஸ்லாட்டில் விளம்பரமும் முன்கதையும் போகச் சுமார் 20 முதல் 22 நிமிடம் காட்சி வேண்டும். வாரத்துக்கு 6 எபிசோடு என்றால் 2 மணி நேரம், அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். அதாவது வாரம் ஒரு முழுப் படத்தின் நீளம். சினிமாவில் இதை எடுக்க 50, 60 நாள் ஆகும். இங்கே ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு அளவுக்குக் காட்சி கையில் வந்தாக வேண்டும். கையிருப்பு எபிசோடுகள் குறைந்துவிட்டால் இரண்டு யூனிட், அதாவது இரண்டு படப்பிடிப்புக் குழு, போடுவார்கள். காலையில் வளசரவாக்கத்து வீட்டில் அப்பாவாக உட்கார்ந்தவர் மாலையில் போரூரில் இன்னொரு செட்டில் அதே சட்டையோடு ஆஸ்பத்திரிக் காட்சியில் நிற்பார். கால்ஷீட் பொதுவாகக் காலை 9-இலிருந்து இரவு 9 வரை.

சீன் பேப்பர் பெரும்பாலும் அன்று காலையில்தான் வரும். சில நாள் மேக்கப் போட்டுக்கொண்டிருக்கும்போது கைபேசியில் வரும். நேற்று மூன்று பக்கம் வசனம் மனப்பாடம் செய்துவிட்டு வந்தவருக்கு இன்று அந்தக் காட்சியே இருக்காது. ஆகவே வசனத்தை வார்த்தைக்கு வார்த்தை உருப்போடும் பழக்கம் இங்கே உதவாது. காட்சியின் திருப்பங்களைப் பிடித்துக்கொள்வதுதான் வழி. எந்த வரியில் நமக்கு விஷயம் தெரிகிறது, எந்த வரியில் குரல் ஏறுகிறது, எந்த வரியில் தோற்கிறோம். மூன்று இடத்தைக் குறித்துக்கொண்டால் மீதியைப் பிராம்ப்டிங் பார்த்துக்கொள்ளும்.

பிராம்ப்டிங் தமிழ்த் தொடர்களில் சாதாரணம். குரல் பிறகு டப்பிங்கில் சேர்வதால், டேக் ஓடும்போதே உதவி இயக்குநர் கேமராவுக்கு அந்தப் பக்கம் நின்று வரியைச் சொல்லுவார், நடிகர் திருப்பிச் சொல்லுவார். இதில் மூன்று விதமாகக் கெடும். கண் தானாகச் சத்தம் வரும் திசைக்குப் போகும். திரையில் பார்த்தால் மருமகளிடம் பேசுகிற மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அரை விநாடி காது கொடுத்துக் கேட்கிற முகம் வந்துவிடும். மூன்றாவதுதான் மோசம்: பிராம்ப்ட் செய்பவர் எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கே நடிகரும் நிறுத்துவார், அர்த்தம் உடையும். சரிசெய்யச் சிரமமில்லை. பிராம்ப்ட் செய்பவரை எதிரே நிற்கும் சக நடிகரின் தோளுக்குப் பின்னால் நிற்கச் சொன்னால் பார்வை தவறாது. முழு வரியைச் சொல்லாமல் முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொடுக்கச் சொல்லலாம். அதற்கு வரி ஓரளவு மனதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிராம்ப்டிங் இல்லாமலும் முடியும் என்று காட்டியதற்கு 'நாதஸ்வரம்' தொடரின் 1000-ஆவது எபிசோடு இருக்கிறது. 2014 மார்ச்சில் இயக்குநர் திருமுருகன் அதை வெட்டே இல்லாமல், ஒரே ஷாட்டாக, நேரலையில் 20 நிமிடத்துக்கு மேல் நடத்தினார். கின்னஸ் பதிவிலும் ஏறியது. மௌலி உட்பட அந்தக் குடும்பத்து நடிகர்கள் அத்தனை பேரும் வரியையும் இடத்தையும் உடம்பில் ஏற்றிக்கொண்டு செய்த வேலை அது. அன்றாடம் அப்படி முடியாது; ஒத்திகைக்கு நேரம் கொடுத்தால் சின்னத்திரை நடிகர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அது அத்தாட்சி.

அடுத்தது ஷாட் வரிசை. புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஒரு ஹாலில் ஒன்பது பேர் நிற்கும் சண்டைக் காட்சி என்று வைத்துக்கொள்வோம். முதலில் மாஸ்டர், அதாவது எல்லாரும் தெரிகிற அகல ஷாட். பிறகு காட்சியை வரிசையாக எடுக்க மாட்டார்கள். லைட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டால், அந்தப் பக்கம் பார்த்த ஷாட் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் திருப்புவார்கள். லைட் மாற்றக் கால் மணி, அரை மணி போகும் என்பதால் இப்படி. விளைவு என்னவென்றால், காட்சியின் முப்பதாவது வரியில் தொண்டை கிழியக் கத்த வேண்டியதை முதலில் கத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து, ஐந்தாவது வரியின் நிதானத்துக்குத் திரும்ப வேண்டும். அளவு தவறினால் எடிட்டிங்கில் ஒருவர் காரணமே இல்லாமல் கத்துவதும் திடீரென்று அடங்குவதுமாக இருப்பார். சீன் பேப்பர் ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் கோபத்தின் அளவை 1 முதல் 5 வரை எழுதிக்கொள்வது நல்ல வழி. பொடி வேலையாகத் தெரியும். இதைச் செய்கிறவரின் காட்சி வெட்டிச் சேர்த்தபின் ஒரே மூச்சில் ஓடும். ஷாட் எங்கே வெட்டப்படும் என்று தெரிந்தவருக்கு இந்தப் பேப்பரும் வேண்டாம். உதவி இயக்குநராக இருந்த அனுபவம் கைகொடுக்கும் என்று நான் சொன்னது இதைத்தான். குணசேகரனின் கோபம் ஒரு காட்சிக்குள் படிப்படியாக ஏறும், இடையில் ஒரு கிண்டலுக்கு இறங்கும், மறுபடி ஏறும். துண்டு துண்டாக எடுத்தது என்று நம்ப முடியாது.

லுக், அதாவது நடிகரின் பார்வை போகும் திசை பற்றியும் சொல்ல வேண்டும். எதிரே நிற்க வேண்டியவர் அன்று வேறு தொடரில் இருப்பார். அவர் இடத்தில் உதவி இயக்குநர் நிற்பார், அல்லது லைட் ஸ்டாண்டில் ஒரு டேப் ஒட்டியிருக்கும். கேமராவுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா, எதிராளியின் உயரம் எவ்வளவு என்பதைக் கேட்டு உறுதிசெய்யாமல் பேசிவிட்டால், இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதாக வந்துவிடும். ரீடேக் எடுக்க அந்த வீட்டுக்குத் திரும்பி வர மாட்டார்கள், அப்படியே ஒளிபரப்பாகும்.

காட்சி முடிந்ததும் 'எல்லாருக்கும் ஒரு ரியாக்‌ஷன் குளோஸ்' என்பார்கள். குளோஸ் என்பது முகத்தை நெருங்கி எடுக்கும் ஷாட். குணச்சித்திர நடிகரின் முகம் திரையில் அதிக நேரம் தெரிவது இந்த ஷாட்டுகளில்தான். நாயகி ஒரு உண்மையைச் சொல்வாள், கேமரா வரிசையாக ஒன்பது முகத்தில் விழும். இங்கே பலர் செய்கிற தவறு, எல்லாவற்றுக்கும் உச்ச அதிர்ச்சியைக் கொடுத்துவிடுவது. எடிட்டரிடம் அது ஒன்றுதான் இருக்கும். ஆறு மாதத்தில் பார்வையாளர் அந்த முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். எச்சில் விழுங்குவது, பார்வையைத் தாழ்த்துவது, யாரோ ஒருவரை ஓரக்கண்ணால் பார்ப்பது என்று மூன்று வேறு வேறு அளவில் கொடுத்தால் எடிட்டர் மூன்றையும் பயன்படுத்துவார். 'கட்' கேட்கும்வரை முகத்தை விடக் கூடாது. கேட்ட பிறகும் இரண்டு விநாடி வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் தொடரில் இந்த ஷாட்டை இழுத்து மெதுவாக ஓட்டுவார்கள். அந்த வேகத்தில் ஒரு சாதாரணக் கண்சிமிட்டல் தூங்கி விழுவதுபோல் தெரியும்.

கன்டினியூட்டியை, அதாவது ஷாட்டுக்கு ஷாட் உடையும் தோற்றமும் மாறாமல் இருப்பதைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. ஆனாலும் நடிகர் அவரை நம்பி இருந்துவிடக் கூடாது. கதையில் ஒரே நாள் நடக்கிற கல்யாணம் ஒளிபரப்பில் மூன்று வாரம் போகும். படப்பிடிப்பு அதற்கும் மேல். அத்தனை நாளும் அதே பட்டு வேட்டி, அதே சட்டை. ஒரே மாதிரி இரண்டு சட்டை தைத்து வைத்திருப்பவர்கள் தப்பித்தார்கள். செட்டை விட்டுக் கிளம்பும்போது முன்னால், பின்னால், இரண்டு கை என்று நான்கு படம் கைபேசியில் எடுத்துக்கொள்ள வேண்டும். வாட்ச் எந்தக் கையில், மோதிரம் எந்த விரலில், விபூதி மூன்று கோடா ஒரு கீற்றா, சட்டைக் கை எத்தனை மடிப்பு. முடி வெட்டுவதற்கு முன் யூனிட்டில் கேட்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போடும் வேடமென்றால் அதே சட்டகத்தில் இரண்டு. லைட் பட்டுப் பளிச்சிடாத கண்ணாடியாக இருக்க வேண்டும்.

சாப்பிடும் காட்சி. மாஸ்டர், குளோஸ், மறுபக்கம் என்று குறைந்தது நாலு தடவை அதே இட்லியைச் சாப்பிட வேண்டும். சிறு துண்டாகப் பிட்டு, வசனத்துக்கு முன்னால் விழுங்கிவிட வேண்டும். வாயில் வைத்துக்கொண்டு பேசினால் டப்பிங்கில் அந்த உதட்டசைவுக்கு எந்த வார்த்தையும் பொருந்தாது.

அழுகைக்குக் கிளிசரின். அதைத் தொட்டுக்கொள்வதில் தாராளம் கூடாது. எரிந்து சிவந்த கண் இரண்டு மணி நேரத்துக்கு அடங்காது, அடுத்து எடுப்பது சிரிக்கிற காட்சியாக இருக்கும். அழுகைக் காட்சியை நாளின் கடைசியில் வைக்க முடியுமா என்று காலையிலேயே தயாரிப்பு மேனேஜரிடம் கேட்டுவிடுவது அனுபவம் உள்ளவர்களின் வழக்கம்.

இவ்வளவும் பாதி வேலை. மறுபாதி டப்பிங் அறையில்.

செட்டில் பதிவான குரல் வழிகாட்டிக்கு மட்டும். அதைப் பைலட் டிராக் என்பார்கள். டப்பிங் அறையில் திரையில் காட்சி ஓட, காதில் பைலட் கேட்க, உதடு பார்த்துப் பேச வேண்டும். நெருக்கடியான வாரங்களில் நாளை ஒளிபரப்பாகிற எபிசோடுக்கு இன்று பேசுவார்கள். படப்பிடிப்பில் கத்திய அதே தொண்டை, மறுநாள் காலையோ இரவு 9-க்கு மேலோ மறுபடி கத்த வேண்டும். செட்டில் தொண்டையை மிச்சம் பிடிக்கலாம் என்று மெதுவாகப் பேசிவிட்டு டப்பிங்கில் ஏற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. அது உடனே தெரிந்துவிடும். கத்தும்போது கழுத்து நரம்பு புடைக்கும், தோள் ஏறும், வாய் அகலும். முகம் சும்மா இருக்க, குரல் மட்டும் இடி இடித்தால் பொம்மலாட்டம்தான். ஒத்திகையிலும் அடுத்தவர் குளோஸ் எடுக்கும்போதும் குரலை மிச்சம் பிடிக்கலாம். தன் குளோஸில் முடியாது.

டப்பிங்கில் ஒரு பெரிய சுதந்திரமும் உண்டு. முதுகு காட்டி நிற்கும்போதும், ஷாட் அடுத்தவர் முகத்தில் இருக்கும்போதும், செட்டில் பேசாத வார்த்தையைச் சேர்க்கலாம். ஒரு இருமல், ஒரு 'ம்', ஒரு 'அட ஏம்ப்பா', ஒரு வசவு. வட்டார வழக்கு தெரிந்தவர்கள் இங்கே விளையாடுவார்கள். எழுத்தாளர் கொடுத்த வசனம் பொதுத்தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும். அதை மதுரை, தேனிப் பேச்சாக ஆக்குவது கடைசியில் குரல்தான். குணசேகரனை வேறொருவர் குரலில் கற்பனை செய்து பாருங்கள், வேடமே பாதி கரைந்துவிடும். சொந்தக் குரலில் பேசத் தெரியாத நடிகருக்கு டப்பிங் கலைஞர் பேசுவார், நன்றாகவே பேசுவார். ஆனால் ஜனங்கள் மனதில் நிற்பது அந்தக் குரல். குரலே மூலதனம் என்பதற்கு எம்.எஸ். பாஸ்கர் நல்ல சான்று. டப்பிங் பேசி வந்தவர், 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா' தொடரில் பட்டாபியாக வீடு வீடாகத் தெரிந்தார், பிறகு சினிமா. 2025-இல் அறிவித்த தேசிய விருதுகளில் 'பார்க்கிங்' படத்துக்குச் சிறந்த துணை நடிகர்.

2023 செப்டம்பர் 8-ஆம் தேதி காலை மாரிமுத்து 'எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தார். அங்கேயே உடம்புக்கு முடியாமல் போய், மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. மாரடைப்பு. அவர் நடித்த 'ஜெயிலர்' படம் வெளியாகி ஒரு மாதம்கூட முடியவில்லை. அவர் மரணத்துக்கும் வேலைப் பளுவுக்கும் முடிச்சுப் போட எனக்கு உரிமையில்லை. இந்தத் தொழிலில் 50 தாண்டிய ஆண்கள், பெண்கள் எத்தனையோ பேர் 12 மணி நேரக் கால்ஷீட்டும் அதற்கு மேல் டப்பிங்குமாக ஓடுகிறார்கள். ராத்தூக்கம் கெட்டு, நேரம் தவறிச் சாப்பிட்டு, நாள் முழுக்கக் கத்துகிறார்கள். அவர்கள் வருடத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி பார்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு கனத்தாலோ இடது கையோ தாடையோ வலித்து வேர்த்தாலோ, 'இந்த ரீல் முடிச்சிட்டுப் போறேன்' என்று உட்காரக் கூடாது, தானே வண்டியை எடுக்கவும் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். டப்பிங் அறை மூடிய சிறு அறை. உள்ளே இருப்பவர் சாய்ந்தால் வெளியே தெரிய நேரமாகும். தனியாகப் பேசுகிறவரைச் சவுண்டு இன்ஜினியர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அவர் இறந்த பிறகு குணசேகரன் திரையில் இல்லாமலே கதை கொஞ்ச நாள் ஓடியது. பிறகு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், மீசையும் குரலும் தனி ரகம். பார்வையாளர்களில் பலர் ஏற்கவில்லை, ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் முந்தையவரின் குரலை நகல் எடுக்க முயலவில்லை. என் பார்வையில் அதுதான் சரி. ஒரு வேடத்தை நடுவில் வாங்குகிறவர், முன்னவர் நடித்த பத்துப் பதினைந்து எபிசோடைப் பார்க்க வேண்டும், ஆனால் பார்க்க வேண்டியது உறவுகளை: யாரை எப்படிக் கூப்பிடுகிறார், எந்த நாற்காலி அவருடையது, யார் முன்னால் குரல் தாழ்கிறது, யாரைத் தொட்டுப் பேசுகிறார். இவற்றை மாற்றினால் வீட்டின் ஒழுங்கே குலையும். கனைப்பும் கையசைப்பும் முன்னவரோடு போகட்டும். தொடர் 2024 ஜூன் வரை ஓடியது.

மாற்றம் எப்போதும் மரணத்தால் வருவதில்லை. பெரும்பாலும் தேதிப் பிரச்சினைதான். ஒரே குடும்பத்தில் எட்டுப் பேர் என்றால், எட்டுப் பேருக்கும் பொதுவான நாள் கிடைத்தால்தான் ஹால் காட்சி எடுக்க முடியும். இதைக் காம்பினேஷன் என்பார்கள். மேனேஜருக்கு மாதத்தின் பெரிய தலைவலி இதுவே. தனிக் காட்சியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். காம்பினேஷன் நாளில் ஒருவர் வராவிட்டால் மற்ற ஏழு பேரின் சம்பளமும் வீட்டு வாடகையும் வீண். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாவது முறை எழுத்து ஓடும். சினிமா வாய்ப்பு வந்து தாடியை எடுக்கச் சொன்னால், தொடரில் தாடி வளரும்வரை அந்த ஆள் 'வெளியூர் போயிருக்கிறார்'. 2020 ஊரடங்குக்குப் பிறகு முதலில் 20 பேர், பிறகு 60 பேர் என்ற வரம்போடு படப்பிடிப்பு தொடங்கியபோது, கேரளத்திலும் கர்நாடகத்திலும் மாட்டிக்கொண்ட நடிகர்கள் பலர் வேடத்தை இழந்தார்கள். யார் மேலும் குற்றம் இல்லை, ஒளிபரப்பு நிற்காது.

இன்னொரு காரணம் வியாழக்கிழமை. எந்தத் தொடரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் நிறுவனத்தின் வாராந்திரப் புள்ளி அன்றுதான் வரும். சனி முதல் வெள்ளி வரை எந்த டிராக், அதாவது எந்தக் கதைக் கிளை, ஓடியதோ அதற்கு மதிப்பெண். அத்தையின் சூழ்ச்சி டிராக்கில் ஏறினால் அத்தைக்கு மாதத்தில் 15 நாள் வேலை. இறங்கினால் அத்தை கோயிலுக்குப் போய்விடுவாள், மாதத்துக்கு 3 நாள். இது நடிப்பின் மேல் வந்த தீர்ப்பு இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளத் தெரியாதவர்கள் இந்தத் தொழிலில் நொந்துபோகிறார்கள். சென்னைத் தூர்தர்ஷனில் 13 வாரத் தொடர்கள் வந்த காலத்தில் வேடத்தின் முடிவு முதல் நாளே கையில் இருக்கும். நாடக மேடையிலிருந்து வந்தவர்கள் அதற்கேற்ப நடித்தார்கள். 'சித்தி' (1999), 'மெட்டி ஒலி' (2002), 'கோலங்கள்' (2003) என்று தினசரி நெடுந்தொடர் காலம் வந்தபின் முடிவு யாருக்கும் தெரியாது. 'மெட்டி ஒலி'யில் டெல்லி குமாரின் சிதம்பரம் ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனாக மூன்று வருடத்துக்கு மேல் துவண்டும் நிமிர்ந்தும் நின்றதை இப்போது பார்த்தாலும், ஒரு நாள்கூட அந்த மனிதர் அடுத்து வரப்போவதைத் தெரிந்தவர்போல் நடிக்கவில்லை. நெடுந்தொடர் நடிப்புக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதே தொடரில் மாணிக்கமாக வந்த சேத்தனை இருபது வருடம் கழித்து 'விடுதலை'யில் (2023) போலீஸ் அதிகாரியாகச் சினிமா கண்டுகொண்டது.

பணம். சம்பளம் நாள் கணக்கு. மாதத்துக்கு இத்தனை நாள் என்று வாய்ப்பேச்சில் சொல்வார்கள். கதை அதைக் கட்டுப்படுத்தும். பேட்டா, அதாவது தினப்படி, அன்றன்று கையில் வரும், சம்பளம் வர மாதங்கள் ஆகலாம். கம்பெனி 10 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டு கொடுக்கும். வருமானம் வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம்; தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பான் எண் தராதவருக்கு 20 சதவீதம் போகும். ஒரு நோட்டில் தேதி, தொடர், யூனிட், நேரம், டப்பிங் நாள் எழுதி வைத்திருந்தால், பாக்கி கேட்கும்போது சண்டை வராது. டப்பிங்குக்குத் தனிச் சம்பளமா, நடிப்புச் சம்பளத்திலேயே அடக்கமா என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். மறுஒளிபரப்புக்கும் யூடியூபுக்கும் நடிகருக்குத் தனியாக எதுவும் வருவதில்லை. பழைய தொடர்கள் திரும்பத் திரும்ப ஓடி, புதுத் தலைமுறையும் பார்க்கிறது. அன்று வாங்கிய நாள் கூலியோடு நடிகரின் கணக்கு முடிந்துபோகிறது. இது அநியாயம் என்பது என் கட்சி. நடிகர் சங்கம் அழுத்திக் கேட்க வேண்டிய முதல் விஷயம் இது.

வர நினைப்பவர்களுக்கு. மூன்று படம் போதும்: மேக்கப் இல்லாமல் நேர்முகம், பக்கவாட்டு முகம், வேட்டியிலோ சேலையிலோ முழு உருவம். மெருகேற்றிய ஸ்டூடியோ ஆல்பம் வேண்டாம். மேனேஜர் தேடுவது அப்பாவை. நரைத்திருந்தால் நரையோடு எடுங்கள். சாயம் பூசுவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், உடனே நரைக்க முடியாது. ஒரு நிமிட வீடியோ, ஜன்னல் வெளிச்சத்தில், பின்னணி இசை இல்லாமல்: முதல் அரை நிமிடம் சொந்த ஊர்ப் பேச்சில், அடுத்த அரை நிமிடம் எதிராளி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம். இந்த இரண்டாவது பகுதியை யாரும் அனுப்புவதில்லை. வேலை அதில்தான் இருக்கிறது. வண்டி ஓட்டத் தெரியுமா, எந்த மொழிகள் தெரியும், மாதத்தில் எத்தனை நாள் ஒழிவு என்று எழுதுங்கள். முதலில் கிடைப்பது இரண்டு வரி வசனமுள்ள டாக்டரோ, பெண் பார்க்க வந்த வீட்டுப் பெரியவரோ. அந்த நாளில் நேரத்துக்கு வந்து, வரியைத் தவறாமல் சொல்லி, டப்பிங்கையும் ஒரே அமர்வில் முடித்தவரின் எண் மேனேஜரின் கைபேசியில் தங்கிவிடும்.

வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எந்தத் தயாரிப்பு நிறுவனமும் நடிகரிடம் காசு வாங்கி வேடம் கொடுப்பதில்லை. சங்க உறுப்பினர் கார்டு எடுத்துத் தருகிறேன் என்பவர்களும் இதில் சேர்த்தி; சங்கத்தில் உறுப்பினராக வேண்டுமென்றால் சங்க அலுவலகத்துக்கு நேரே போய், ரசீது வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.